இலவச மென்பொருளின் விலைச்சீட்டு

ஊர்ச்சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் முதல் சிறு வணிக நிலையங்கள் வரை, பழைய மாணவர் சங்கங்கள் முதல் இணையச் செய்தித்தளங்கள் வரை, இன்று எங்கு கணனி பற்றிய பேச்சு எழுந்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழுகிறது. "அதற்கெல்லாம் இலவச மென்பொருள் இருக்கிறதே, நாங்களே ஒரு வழங்கியில் நிறுவிக்கொண்டால் செலவே இல்லை" என்பதுதான் அது. சொல்பவர் பெரும்பாலும் கணனி அறிந்த இளைஞராக இருப்பார். மேசையைச் சுற்றியிருக்கும் மூத்தவர்கள் மகிழ்ச்சியுடன் தலையசைப்பார்கள். பொருளாளரின் முகத்தில் நிம்மதி படரும். வரவு செலவுத் திட்டத்தின் அந்த வரியில் பூச்சியம் என்று எழுதப்படும்.

அந்தப் பூச்சியத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் கணனிப் பொறியியலாளன் அல்லன். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்குள் வந்தவன். ஆனால் ஒரு பத்திரிகை வெளிவருவதற்கு உண்மையில் எது செலவு என்பதை அந்தத் தொழில் எனக்குக் கற்றுத் தந்திருக்கிறது. காகிதத்தின் விலையும் மையின் விலையும் பட்டியலில் தெரியும். இரவு இரண்டு மணிக்கு இயந்திரம் நின்றுவிட்டால் அதை மீண்டும் ஓடவைக்கத் தெரிந்த மனிதர் ஒருவர் அங்கே விழித்திருக்க வேண்டும் என்பது எந்த விலைப்பட்டியலிலும் தெரியாது. அந்த மனிதர் இல்லாத அச்சகத்தில் இயந்திரம் இலவசமாகக் கிடைத்தாலும் காலையில் பத்திரிகை வராது. வலையமைப்பு மென்பொருளின் நிலையும் இதுவே.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் க்னூ திட்டத்தை அறிவித்தபோது ஆங்கிலத்தில் அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. விலையின்மைக்கும் விடுதலைக்கும் அம்மொழியில் ஒரே சொல்லே பாவனையில் உள்ளது. தான் பேசுவது விடுதலையைப் பற்றி, விலையைப் பற்றியல்ல என்று அவர் பல்லாண்டுகளாக விளக்கிக்கொண்டேயிருக்க நேர்ந்தது. தமிழுக்கு அந்தச் சங்கடம் கிடையாது. நமக்கு இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. நமது கணினித் தமிழ் ஆர்வலர்கள் 'கட்டற்ற மென்பொருள்' என்று அழகான ஒரு சொல்லையே ஆக்கித் தந்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் நாம் அதை 'இலவச மென்பொருள்' என்றே அழைத்து வருகிறோம். இரண்டு சொற்கள் கைவசம் இருந்தும் மலிவானதையே தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

கட்டற்ற மென்பொருளின் உரிமம் நமக்குச் சில உரிமைகளைத் தருகிறது. விரும்பியவாறு பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று ஆராயலாம், மாற்றலாம், பிறருக்கும் பகிரலாம். இவை பெரும் உரிமைகள். ஆனால் அதே உரிமத்தில், பெரும்பாலும் பெரிய எழுத்துகளில், இன்னொரு வாசகமும் உண்டு: இம்மென்பொருளுக்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. பழுதானால் திருத்தும் பொறுப்பும் அதனால் நேரும் நட்டமும் பாவிப்பவரையே சாரும். நாம் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் அந்த வாசகமே இலவசத்தின் விலைச்சீட்டு. அது ஒளித்துவைக்கப்படவில்லை. நாம்தான் அதை வாசிப்பதில்லை.

இந்த விலையை இருவர் செலுத்துகிறார்கள். ஒருவர் மென்பொருளை எழுதிப் பராமரிப்பவர். மற்றவர் அதைத் தமது வழங்கியில் நிறுவி நடத்துபவர்.

எழுதுபவரை முதலில் பார்ப்போம். வங்கித்தளத்துக்குள் நுழையும்போது உலாவியில் ஒரு பூட்டுக் குறி தென்படுவதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். உங்கள் கடவுச்சொல் வழியில் யாராலும் வாசிக்கப்படாமல் மறைகுறியாக்கப்பட்டுச் செல்கிறது என்பதன் அடையாளம் அது. உலகின் எண்ணற்ற வழங்கிகளில் அந்த வேலையைச் செய்வது ஒப்பன் எஸ்.எஸ்.எல். என்ற திறந்த மூல மென்பொருள். 2014 ஏப்ரல் 7ஆம் திகதி அதில் ஒரு பாரிய ஓட்டை இருப்பதாக அறிவிக்கப்பட்டது. 'ஹார்ட்பிளீட்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலேயே அந்த ஓட்டை நுழைந்துவிட்டது. இரண்டு வருடங்களாக எவருமே கவனிக்கவில்லை.

ஓட்டை என்னவென்பதை ஓர் உவமையால் விளக்கலாம். களஞ்சியப் பொறுப்பாளரிடம் நீங்கள் நான்கெழுத்துச் சொல் ஒன்றைக் கொடுத்து, "இதில் 64,000 எழுத்துகள் உள்ளன, அப்படியே எனக்குத் திருப்பி வாசித்துக் காட்டுங்கள்" என்கிறீர்கள். எழுத்துகளை எண்ணிப் பார்க்காத அவர், உங்கள் நான்கெழுத்தை வாசித்துவிட்டு, மீதித் தொகையை நிரப்புவதற்காகப் பக்கத்தில் திறந்திருக்கும் கணக்குப் புத்தகத்தையும் தொடர்ந்து வாசித்துவிடுகிறார். அந்தப் பக்கங்களில் பிறருடைய கடவுச்சொற்களும் இருக்கலாம், களஞ்சியத்தின் சாவியே இருக்கலாம். கனடாவில் வாழும் வாசகர்களுக்கு இதன் விளைவு நினைவிருக்கக்கூடும். அவ்வருடம் வரிப்பத்திரம் சமர்ப்பிக்கும் காலத்தில் கனேடிய வருமானவரி முகவரகம் தன் இணையச் சேவையை இடைநிறுத்த வேண்டி வந்தது. சுமார் 900 பேரின் சமூகக் காப்புறுதி இலக்கங்கள் இந்த ஓட்டை வழியாகக் களவாடப்பட்டிருந்தன.

அதன் பின்னர்தான் உலகம் ஒரு கேள்வியைக் கேட்டது. இத்தனை கோடி மக்கள் நம்பியிருக்கும் இந்த மென்பொருளை யார் பராமரிக்கிறார்கள்? விடை வெட்கத்துக்குரியது. முழுநேரமாக அதில் வேலை செய்தவர் ஒரேயொருவர். அத்திட்டத்துக்கு ஆண்டொன்றுக்குக் கிடைத்துவந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். அதே மென்பொருளின் மேல் அமர்ந்து கோடி கோடியாக உழைத்த நிறுவனங்கள் அதுவரை அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. ஓட்டை வெளியானதன் பின்னர் லினக்ஸ் அறக்கட்டளையின் முயற்சியில் கூகுள், மைக்ரோசொஃப்ட், ஐ.பி.எம்., பேஸ்புக் முதலிய பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 100,000 டொலர் வீதம் மூன்று ஆண்டுகளுக்குத் தர முன்வந்தன. வீடு எரிந்த பின்னர் கிணறு வெட்டிய கதைதான். ஆயினும் கிணறு வெட்டப்பட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இது ஒரேயொரு நிகழ்வு என்று எண்ணிவிட வேண்டாம். மின்னஞ்சல்களை மறைகுறியாக்கும் ஜி.என்.யூ.பி.ஜி. என்ற மென்பொருளை ஜேர்மனியைச் சேர்ந்த வேர்னர் கொக் 1997 முதல் ஏறத்தாழத் தனியொருவராகவே காப்பாற்றி வந்தார். ஊடகவியலாளர்கள் தமது செய்தி மூலங்களைப் பாதுகாக்க நம்பியிருக்கும் கருவிகளில் அது முதன்மையானது. என் தொழிலைச் சேர்ந்தவர்களின் உயிரையே காத்திருக்கக்கூடிய ஒரு பொருள். அதைக் காப்பாற்றியவர் பணமின்றித் தவிக்கிறார் என்ற செய்தி 2015 பெப்ரவரியில் வெளியான பிறகே நன்கொடைகள் குவிந்தன.

இவற்றை விடவும் அச்சமூட்டும் கதை 2024ஆம் ஆண்டினுடையது. 'எக்ஸ்.இசட்.' என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள். லினக்ஸ் வழங்கிகளில் எங்கும் இருக்கும். பின்லாந்தைச் சேர்ந்த லாசே கொலின் என்பவர் ஊதியமின்றி, ஓய்வுநேரத்தில் அதைப் பராமரித்து வந்தார். 2022இல் அவர்மீது சிலர் நெருக்குதல் கொடுத்தார்கள். ஏன் தாமதம், ஏன் வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். தமது மனநலப் பிரச்சினைகளைக் குறிப்பிட்டு, இது ஊதியமில்லாத ஒரு பொழுதுபோக்குத் திட்டம் என்பதை அவர் நினைவூட்டினார். அந்த வேளையில் உதவிக்கு வந்தவர்தான் 'ஜியா டான்' என்ற பெயருடையவர். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையுடன் நல்ல வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். சாவி கைக்கு வந்ததும், தூர இருந்து வழங்கிகளுக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வாயிலுக்குள் ஒரு கள்ளக் கதவைப் பொருத்தினார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் யாரென்பது பகிரங்கமாக நிறுவப்படவில்லை.

அது எப்படிப் பிடிபட்டது? அண்ட்ரெஸ் ஃபிரொயிண்ட் என்ற பொறியியலாளர், தமது கணனிக்குள் நுழைய வழக்கத்தை விட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று சந்தேகப்பட்டு, அதைத் துருவித் துருவிப் பார்த்தார். 2024 மார்ச் 29ஆம் திகதி உலகுக்கு அறிவித்தார். அந்த அரை விநாடியைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால், சில மாதங்களில் உலகின் ஏராளமான வழங்கிகளின் கதவுகள் யாரோ ஒருவருக்காகத் திறந்திருக்கும்.

ஒப்புநோக்குநருக்குக் கூலி கொடுக்காமல் பத்திரிகை நடத்துவதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். களைத்துப்போன ஒருவரிடம் யாராவது வந்து "நான் சும்மா பார்த்துத் தருகிறேன்" என்றால், அவர் யாரென்று விசாரிக்கும் தெம்பு அந்தக் களைத்த மனிதரிடம் இராது. எக்ஸ்.இசட். விவகாரத்தில் உடைக்கப்பட்டது நிரல் அல்ல, ஒரு மனிதரின் களைப்பு. அந்தக் களைப்பே நாம் கொடுக்காமல் விட்ட விலை.

இனி, நடத்துபவரின் பக்கம் வருவோம். 1999இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர் சிறிய நிறுவனமொன்றைத் தொடங்கினார். அலுவலகத் தொலைபேசி இணைப்பகம் ஒன்றை வாங்க அவரிடம் பணம் இருக்கவில்லை. ஆகவே தாமே ஒரு மென்பொருளை எழுதினார். 'அஸ்டெரிஸ்க்' என்ற பெயரில் அது திறந்த மூலமாக உலகெங்கும் பரவியது. ஒரு சாதாரணக் கணனியை முழு அலுவலகத்துக்குமான தொலைபேசி இணைப்பகமாக மாற்றிவிடலாம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் நம்மவர் நடத்தும் பல சிறு நிறுவனங்களும் இதைப் பயன்படுத்துகின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு வணிகர், பெயர் வேண்டாம், உறவுக்காரப் பையன் ஒருவரைக் கொண்டு இதை நிறுவினார். இரண்டு வருடம் நன்றாகவே ஓடியது. பையன் வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நிறுவியபோது இட்ட இலகுவான கடவுச்சொல் மாற்றப்படவேயில்லை. ஒரு வார இறுதியில் எவரோ உள்ளே புகுந்து, நிமிடத்துக்கு மிகுந்த கட்டணம் அறவிடும் வெளிநாட்டு இலக்கங்களுக்கு இரவு பகலாக அழைப்பெடுத்துத் தள்ளிவிட்டார்கள். திங்கட்கிழமை அவர் கடையைத் திறந்தபோது, பத்து ஆண்டுகளுக்கு ஒரு கட்டணச் சேவைக்குக் கொடுத்திருக்கக்கூடிய தொகை அவருடைய கணக்கில் ஏறியிருந்தது. அஸ்டெரிஸ்க் மென்பொருளில் ஒரு குறையும் இல்லை. அதைக் கவனிக்க ஒருவர் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு வழங்கியை நாமே நடத்துவதென்றால் என்னென்ன தேவை என்று எண்ணிப் பாருங்கள். பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் வெளியானால் அன்றோ மறுநாளோ இட வேண்டும். காப்புப்பிரதி எடுக்க வேண்டும். எடுத்த பிரதி உண்மையில் மீட்கக்கூடியதா என்று பரீட்சித்துப் பார்க்க வேண்டும். இணையத்தளப் பெயரை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். பூட்டுக் குறிக்கான சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு 2015 இறுதியிலிருந்து இலவசமாகவே தருகிறது. ஆனால் தொண்ணூறு நாட்களில் காலாவதியாகும் சான்றிதழ் அது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு பழுதாகியதை எவரும் கவனிக்காவிட்டால் ஒரு நாள் காலையில் வாசகர் எல்லோருக்கும் 'இத்தளம் பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கையே தெரியும்.

மின்னஞ்சல் வழங்கி இன்னும் கடினம். போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற அருமையான மென்பொருள்கள் இலவசமாகவே உண்டு. ஆனால் அனுப்பும் கடிதம் குப்பைப் பெட்டிக்குள் விழாமல் போய்ச் சேர்வது மென்பொருளின் கையில் மட்டும் இல்லை. 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் அனுப்புநரை உறுதிப்படுத்தும் விதிகளை இறுக்கிவிட்டன. விதிகளை அறியாமல் நடத்தப்படும் சிறு வழங்கியிலிருந்து புறப்படும் அழைப்பிதழ்கள் உறுப்பினர்களைச் சென்றடைவதே இல்லை. அனுப்பியவருக்கும் அது தெரிவதில்லை.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இவற்றோடு வேறு சில வரிகளும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. அலுவலக மூலையில் ஓடிய இலவச மென்பொருளுக்கு மின்கலமும் டீசலும் தேவைப்பட்டன. டீசலுக்கு வரிசையில் நிற்க ஒரு மனிதர் தேவைப்பட்டார். சில வாரங்களுக்குள் டொலரின் பெறுமதி இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபது ரூபா வரை ஏறியது. வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த வழங்கியின் கட்டணமும் அதே வேகத்தில் ஏறியது. கூடவே, அந்த வழங்கியைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டு வெளியேறினார்கள். மென்பொருள் விலை ஏறவில்லை. அதைச் சுற்றியுள்ள அனைத்தும் ஏறின.

இவ்விடத்தில் ஒருவர் என்னை மறிக்கலாம். "அப்படியானால் பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள் பாதுகாப்பானதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் அமைப்பு பணயத்தீநிரல் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாமல் போயின. அந்தக் காலப்பகுதிக்கு வேறிடத்தில் காப்புப்பிரதி இருக்கவில்லை. அங்கே ஓடியது இலவச மென்பொருள் அல்ல. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற, விலை கொடுத்து வாங்கிய, ஆனால் காலாவதியான பதிப்பு. 2021 முதல் அதைப் புதுப்பிக்கத் திட்டமிட்டும் நிதிப் பற்றாக்குறை முதலிய காரணங்களால் தாமதமாகியதாகவே சொல்லப்பட்டது.

ஆகவே குற்றவாளி இலவசமும் அல்ல, விலையும் அல்ல. நிறுவுவதற்குப் பணம் ஒதுக்கிவிட்டு, பேணுவதற்கு ஒதுக்காத மனப்பான்மையே குற்றவாளி. திறப்பு விழாவுக்கு மாலையும் மேடையும் உண்டு. பராமரிப்புக்கு விழா இல்லை. வீதி போடுவதிலும் குளம் கட்டுவதிலும் நாம் காணும் அதே நோய் வழங்கியிலும் தொடர்கிறது. கட்டணமுள்ள மென்பொருளில் ஒரு நன்மை உண்டு. ஆண்டுதோறும் ஒரு விலைச்சிட்டை வந்து, இங்கே ஒரு செலவு இருக்கிறது என்று நினைவூட்டும். இலவச மென்பொருள் நமக்கு விலைச்சிட்டை அனுப்புவதில்லை. கடைசியில் ஒரே தடவையாக அனுப்புகிறது.

இலவசத்தை நமக்குத் தருபவரின் மனம் மாறிவிடக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. உலகெங்கும் இணையத்தளங்களைத் தாங்கிய சென்ட் ஓ.எஸ். என்ற இயங்குதளத்தின் 8ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு என்ற நம்பிக்கையில் பலர் அதை நிறுவினார்கள். 2020 டிசெம்பரில் ரெட் ஹட் நிறுவனம், அந்த ஆதரவு 2021 முடிவுடன் நிறுத்தப்படும் என்று அறிவித்தது. எட்டு வருடம் என்று கணக்கிட்டது ஒரே வருடமாகச் சுருங்கியது. பணம் கொடுக்காதவரிடம் ஒப்பந்தமும் இல்லை, வழக்குப் போடவும் இடமில்லை.

ஆனால் இங்கேதான் கட்டற்ற மென்பொருளின் பெருமையும் தெரிகிறது. நிரல் திறந்திருந்த காரணத்தால், சில மாதங்களுக்குள் ரொக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் என்று இரண்டு வாரிசுகள் எழுந்தன. பூட்டிய மென்பொருளை அதன் உரிமையாளர் கைவிட்டால் அது அத்தோடு முடிந்தது. கட்டற்ற மென்பொருளை உரிமையாளர் கைவிட்டால் ஊர் தூக்கிக்கொள்ளலாம். தூக்குவதற்கு ஊரில் ஆள் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

நம்மிடம் அத்தகைய ஆட்கள் இருந்ததற்குச் சான்றுகள் உண்டு. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர், காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்ய இலங்கையின் தன்னார்வ நிரலாளர்கள் சில வாரங்களில் 'சஹானா' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். அது திறந்த மூலமாகவே வெளியிடப்பட்டு, வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன்பாட்டுக்கான விருது 2006இல் அதற்குக் கிடைத்தது. பணக்கார நாட்டின் தயவுக்குக் காத்திராமல் ஒரு சிறிய நாடு தன் துயரத்துக்குத் தானே கருவி செய்தது. பின்னர் அது உலகுக்கும் உதவியது. இதை எந்த உரிமக் கட்டணத்தாலும் வாங்கியிருக்க முடியாது.

நூலகம் எண்ணிம நூலகத்தையும் குறிப்பிட வேண்டும். 2005இல் தொடங்கிய அத்தளம் விக்கிப்பீடியாவுக்குப் பயன்படும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குகிறது. ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் பல்லாயிரக்கணக்கில் அங்கே உள்ளன. மென்பொருளுக்குச் செலவில்லை. ஆனால் வருடி எடுப்பவர்களுக்கும், வழங்கிக்கும், சேமிப்பகத்துக்கும், தரவைப் பேணுபவர்களுக்கும் செலவுண்டு. அதை நன்கொடையாளர்களும் தன்னார்வலர்களும் சுமக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. அதை எரித்தவர்கள் உண்டு. ஓர் எண்ணிம நூலகம் அழிவதற்கு எரிப்பவர் தேவையில்லை. வாடகை கட்ட மறந்தால் போதும், கடவுச்சொல் தெரிந்த ஒருவர் இறந்துபோனால் போதும். 2000களில் தமிழில் பூத்த எத்தனையோ இணையத்தளங்கள் இன்று இல்லை. அவற்றில் வெளியான சாட்சியங்களும் கவிதைகளும் மரண அறிவித்தல்களும் எந்தத் தீயும் இல்லாமல் மறைந்தன. இதுதான் எனக்குப் பெருங்கவலை.

சரியாகக் கணக்கிட்டு இறங்கியவர்களும் இருக்கிறார்கள். ஜேர்மனியின் வட மாநிலமான ஷ்லெஸ்விக் ஹொல்ஸ்டைன் தனது அரச அலுவலகங்களின் 40,000க்கும் மேற்பட்ட மின்னஞ்சல் பெட்டிகளை 2025 ஒக்டோபரில் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து திறந்த மூல மென்பொருளுக்கு மாற்றி முடித்தது. உரிமக் கட்டணத்தில் ஆண்டுக்குப் 15 மில்லியன் யூரோவுக்கு மேல் மிச்சமாகும் என்று அம்மாநில அரசு சொன்னது. அதே மூச்சில், மாற்றத்தை நிறைவுசெய்யவும் மேம்பாட்டுக்குமாக 2026இல் 9 மில்லியன் யூரோ செலவிடப்படும் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது எண்ணைத்தான் நமது கூட்டங்களில் எவரும் சொல்வதில்லை. அவர்கள் பூச்சியம் என்று எழுதவில்லை. வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தில் ஒரு பகுதியைத் தங்கள் கட்டுப்பாட்டிலுள்ள பணிகளுக்குத் திருப்பினார்கள். கட்டற்ற மென்பொருளின் பொருளாதாரம் இதுதான். பணம் மறைவதில்லை, அது போய்ச்சேரும் இடம் மாறுகிறது.

எனவே நமது சங்கங்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, பூச்சியம் என்று எழுதாதீர்கள். அதே வேலைக்குக் கட்டணச் சேவை ஒன்று எவ்வளவு கேட்கும் என்று விசாரியுங்கள். அதில் பாதியையேனும் ஆண்டுதோறும் பராமரிப்புக்கென ஒதுக்குங்கள். அந்தப் பாதி உங்களிடம் இல்லையென்றால், சொந்த வழங்கி உங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதில் அவமானம் ஒன்றுமில்லை.

இரண்டாவது, சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கலாகாது. குறைந்தது இருவருக்குக் கடவுச்சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். முத்திரையிட்ட உறையொன்றில் எழுதிப் பாதுகாப்பான இடத்தில் வைக்கவும் வேண்டும். கோயிலின் நகைப் பெட்டிக்கு இரண்டு சாவி வைத்தவர்கள் நம் முன்னோர்.

மூன்றாவது, ஆண்டில் ஒரு நாள், வழங்கி அழிந்துவிட்டதாகப் பாவனை செய்து, காப்புப்பிரதியிலிருந்து அனைத்தையும் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத காப்புப்பிரதி வெறும் நம்பிக்கைதான்.

நான்காவது, எதை நாமே நடத்த வேண்டும், எதைப் பிறரிடம் விடலாம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 2007இல் தமிழ்நெட் தளம் தடுக்கப்பட்டதையும், 2018, 2019, 2022ஆம் ஆண்டுகளில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதையும் கண்ட நமக்கு, ஆவணங்களும் செய்திகளும் நமது கட்டுப்பாட்டில் இருக்க வேண்டியதன் அவசியத்தை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றுக்காகச் செலவிடுங்கள். ஆண்டுவிழா அழைப்பிதழ் அனுப்பும் மின்னஞ்சலைக் கட்டணச் சேவையொன்றிடம் விட்டுவிட்டால் எந்த உரிமையும் பறிபோய்விடாது.

ஐந்தாவது, நீங்கள் பாவிக்கும் மென்பொருளை எழுதுபவருக்கு ஏதாவது கொடுங்கள். பெருந்தொகை வேண்டாம். ஆண்டுக்கு ஐம்பது டொலர் கொடுக்கும் ஆயிரம் சங்கங்கள் சேர்ந்தால் ஒருவருடைய சம்பளத்துக்குப் போதுமானதாகும். பணம் இல்லாவிட்டால் உழைப்பைக் கொடுங்கள். இடைமுகத்தைத் தமிழாக்கலாம். பயன்பாட்டுக் கையேட்டைத் தமிழில் எழுதலாம். பிழை கண்டால் முறையாக அறிவிக்கலாம். ஒன்றுமே முடியாவிட்டால், ஊதியமின்றி உழைக்கும் ஒருவரிடம் ஏன் தாமதம் என்று கேட்டு நெருக்காமல் இருக்கலாம். அதுவும் ஓர் உதவியே.

இவ்வளவும் எழுதியது எவரையும் பின்வாங்கச் செய்வதற்காக அல்ல. பிறர் தயவில் தங்கிய சமூகம் எப்படித் துன்பப்படும் என்பதை அறிந்த மக்கள் நாம். நம் சொற்களைக் காக்கும் கருவிகள் நம் கையில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் சுதந்திரம் இலவசமாகக் கிடைக்கும் என்று எந்த அனுபவசாலியும் சொல்லமாட்டார். அடுத்த கூட்டத்தில் அந்த இளைஞர் எழுந்து செலவே இல்லை என்று சொல்லும்போது, அவரை மதித்து, ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள்: "தம்பி, நீர் இல்லாத அன்று இதை யார் பார்ப்பார்?" அதற்கு ஒரு பெயரும் ஒரு தொகையும் விடையாக வந்தால், தயங்காமல் கையை உயர்த்தி ஆதரவு கொடுங்கள்.